வலப்பக்கம்

உருகுவேயில் மார்ச் வெயிலுக்கு இரக்கம் குறைவு.
துராஸ்னோவுக்கு வடக்கே ஒரு திடல்,
யூகலிப்டஸ் நிழல் பாதிக் குதிரைகளுக்கே போதும்.
வாளி வாளியாய் நீர் விழுகிறது
முதல் சுற்று முடித்த முதுகுகள் மேல்.
ஊர் முழுக்க ஒரே வானொலி:
கசாப்புக்கடையில், லாரிகளில்,
கழிப்பறை வரிசையில்கூட
அதே தொண்டை கத்துகிறது,
தீசோன் முன்னால், பதினோரு நிமிடம் முன்னால்.

தீசோன் என்றால் கொள்ளிக்கட்டை.
நிறமும் அதுதான்.
வியர்வை காய்ந்த இடங்களில் மட்டும் உப்பு வெள்ளை.

இருபது நிமிடத்துக்குள்
நாடி அறுபத்துநான்குக்கு இறங்க வேண்டும்.
இறங்காவிட்டால் வண்டியேறி வீடு.
உதட்டைத் தூக்கி ஈறை அழுத்துவேன்,
வெளுத்த தடம் சிவக்க எத்தனை நொடி.
கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவேன்,
கூடாரமாய் நின்றால் உள்ளே வறட்சி.
பிறகு நாற்பது மீட்டர் ஓடவிட்டுத் திருப்புவேன்.
கால் மறைத்ததைத் தலை ஆடிச் சொல்லிவிடும்.

அறுபத்தொன்று.
வேலிக்கு அப்பால் கைதட்டல்.
தானியக் கிடங்கு சாவியேரி
புதுச் சட்டையில் கம்பி மேல் சாய்ந்திருக்கிறார்,
குதிரைக்குச் சொந்தக்காரர்,
எலாதியோவுக்கும் கிட்டத்தட்ட.

எலாதியோ தலைக்கயிற்றைப் பிடித்திருக்கிறான்.
ஐம்பத்திரண்டு கிலோ ஆள்,
எடை சரிக்கட்டச் சேணத்தில் ஈயம்.
"பாறை மாதிரி இருக்கிறான், டாக்டர்!"
வேலிக்குக் கேட்கும் குரல்.
பிறகு குனிந்து
முன்னங்காலில் இல்லாத சேற்றைத் துடைத்தபடி,
உதடு அசையாமல்:
"பாதி வழியிலிருந்து தண்ணீரைத் தொடவில்லை.
வலப்பக்கம் கேளுங்கள்."

நல்ல குதிரையின் வயிறு ஒரு சந்தை.
உருட்டல், பேரம், யாரோ குடத்தைக் கவிழ்க்கும் சத்தம்.
இடப்பக்கம் மேலே ஏதோ முணுமுணுப்பு.
இடப்பக்கம் கீழே அதுவும் தயங்கித் தயங்கி.
வலப்பக்கம்,
ஞாயிறு மதியம் கதவடைத்துத் தூங்கும் எங்கள் தெரு.
ஒரு நிமிடம் கேட்டேன்.
குழாயை நகர்த்தி இன்னொரு நிமிடம்.
வானொலியை அணைக்கச் சொன்னேன்,
யாரும் அணைக்கவில்லை.

"போட்டியிலிருந்து விலக்குகிறேன்."

முதலில் கத்தியது எலாதியோதான்.
என் படிப்பை, என் காதை, என் தாயை
வரிசையாக இழுத்தான்.
தலைக்கவசத்தைத் தரையில் அடித்தான்,
அது உருண்டு என் பூட்ஸில் முட்டி நின்றது.
சாவியேரி அவன் தோளைப் பிடித்துத் தேற்றினார்.
ஏப்ரலில் இன்னொரு போட்டி,
குதிரைகள் அவரிடம்தான் இருக்கின்றன.
நான் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுக்கவில்லை.
மோசமில்லை, இருவரும் நன்றாகவே நடித்தோம்.

இரவு.
மரக்கிளையில் தொங்கும் பைகளிலிருந்து
கழுத்து நரம்புக்குள் சொட்டுகிறது உப்புநீர்,
பத்து லிட்டர், பதினைந்து.
ஜெயித்தது யாரென்று கேட்க மறந்துவிட்டேன்.
அட்டையை நிரப்புகிறேன்:
காரணம், குடல் ஓசை இன்மை.
கண்டறிந்தவர், என் பெயர்.

அறுபத்தொன்று என்று எழுதியாகிவிட்டது,
பின்னால் பதினேழு குதிரைகள் வரிசையில்.
அவன் சொல்லியிராவிட்டால்
முழுதாக ஒரு நிமிடம் அங்கே காது வைத்திருப்பேனா?
பேனாவை மூடித் திறந்து மூடுகிறேன்.

மூன்று மணிக்குத் தீசோன் வாலைத் தூக்கியது.
லாயத்தின் மறுபக்கம், இருட்டுக்குள்ளிருந்து
சிகரெட் நெருப்பு ஒன்று எழுந்து வந்தது.
எவ்வளவு நேரமாய் அங்கே இருந்தானோ.
டார்ச்சை அடித்துக் குனிந்து எண்ணினான்.
"ஏழு உருண்டை."
"ஈரமா?"
விரலால் நசுக்கிப் பார்த்தான்.
"ஈரம்தான்."

வாளியை நகர்த்தி வைத்தேன்.
மூக்கு நீரைத் தொட்டது, விலகியது,
மறுபடி தொட்டது.
காதுகள் ஒவ்வொரு மிடறுக்கும் பின்னால் அசைய,
நாங்கள் இருவரும்
ஒருவரையொருவர் பாராமல்
மிடறுகளை எண்ணத் தொடங்கினோம்.