பதினேழாவது கூடு

பெர்னாண்டினா கரையில்
மோட்டாரை நிறுத்திவிட்டான் எலிசெயோ.
கரை என்று சொல்ல மணல் கிடையாது.
கொதித்து ஓடி வந்து, கயிறு கயிறாய்த் திரண்டு,
கடலில் கால் வைத்ததும்
அப்படியே நின்றுபோன கல்.

கல் நகர்ந்தால் அது கடல் உடும்பு.
ஒன்றின் முதுகில் ஒன்று படுத்து
மூக்கால் உப்பைத் தும்முகின்றன.
தும்மலுக்கு என் படிவத்தில் இடமில்லை.

நான் எண்ண வந்தது நீர்க்காகங்களை.
பறக்காத இனம்.
முக்குளித்து எழுந்ததும்
கிழிந்த குடைபோல் இரண்டு சிறகையும் விரித்து
வெயிலில் காயப்போடும்,
நாளைக்கு எங்கோ போகவேண்டியிருப்பதுபோல.

பதினேழாவது கூட்டுக்கு
ஆண் வந்தது, அலகில் ஒரு முழம் ஈரப் பாசி.
கூட்டோரம் வைத்தது.
தள்ளி நின்று பார்த்தது.
வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.
குஞ்சுகள் இரண்டும் வாய் பிளந்தன,
பாசிக்காக அல்ல.

"பெட்டை வேறு துணை தேடிப் போயிருக்கும்.
இதுகளிடம் அதுதான் வழக்கம்" என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
குவாயாகில் போன கப்பல் நினைவுக்கு வந்தது.
படகின் பின்தட்டில்
காலுறையை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு
தூங்குகிறாள் அவன் மகள் யாஸ்மினா.

எலிசெயோ கயிற்றைச் சுருட்டினான்.
அவிழ்த்தான். மறுபடி சுருட்டினான்.
"மீன் கொண்டு வருதா?"
"வருது."
"அப்ப அதை எழுது."

எழுதினேன்.
பெரியது ஒன்று, குஞ்சு இரண்டு.
குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும், மீன்.

உச்சியில் நூலாய்த் தெரிந்தது
புகையா மேகமா, தெரியவில்லை.
மூன்றாவது இழுப்பில்தான்
மோட்டார் பிடித்தது.