பத்து எண்ணும் வரை

மதுரையில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
மூக்கில் கிளிப், வாயில் குழாய்.
வெளியே நிற்கும் பையன் சொல்கிறான்:
"நல்லா இழுங்கம்மா, பிடிங்க,
பத்து எண்ணுற வரைக்கும் விடக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தம்பி, நான் சின்னப்பாலத்துக்காரி.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
ரெண்டு ஆள் ஆழத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு
ஒரு தம்முக்கு அறுபது எண்ணுவேன்.
கட்டைக்கோரையைக் கிள்ளி இடுப்புச் சாக்கில் திணித்து,
மேலே வனத்துறைப் படகு இரைந்தால்
இன்னும் ஒரு பத்து.

இழுத்தேன். பிடித்தேன்.
ஏழில் இருமிவிட்டேன்.
"பரவாயில்ல, திரும்பச் செய்வோம்."
திரும்ப. ஆறு.

முதலில் விரல்கள்தான்.
மார்கழித் தண்ணீரில் வெளுத்து, நீலம் பாய்ந்து,
துணி சுற்றினாலும் மரத்துப்போகும்.
தண்ணியில் கிடப்பவளுக்கு இதெல்லாம் இருக்கும் என்றார்கள்,
நானும் சொல்லிக்கொண்டேன்.
பிறகு ஒரு காலை
தூக்குவாளி மூடியைத் திறக்க
மகன் பள்ளிக்கூடம் போகாமல் நின்றான்.

ராமநாதபுரத்து டாக்டர்
கடற்கரை ஆளுக்குப் புரியட்டும் என்று சொன்னார்:
"உடம்புக்குள்ள ஒரு ரோந்துப் படை இருக்கு.
உங்க சொந்தப் படகையே
எல்லை தாண்டி வந்ததுன்னு சுடுது."
இதை எங்களுக்கு விளக்கணுமா?
என் கொழுந்தன் இடுப்பில் இன்னும் ஒரு ரவை இருக்கிறது.

ரோந்தைத் தூங்க வைக்க
ஞாயிறுதோறும் ஆறு மஞ்சள் மாத்திரை.
பூசை முடிந்து, கஞ்சி குடித்து, போட்டுக்கொண்டு
திங்கள் முழுக்கக் குமட்டலோடு கிடப்பேன்.
செவ்வாய் கடலுக்கு.

ஐப்பசியில் தெருவுக்கே காய்ச்சல்.
மற்றவர்களுக்கு நாலு நாள், எனக்கு எட்டு.
விட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
சூடைக் குழம்பு வாசம்கூடத் தெரிந்தது.
பதினைந்தாம் நாள்
குழாயடியிலிருந்து வீட்டுக்கு இருபத்தெட்டு அடி,
நடுவில் குடத்தை இறக்கி வைத்தேன்.

போய்விட்ட காய்ச்சலைத் தேடிக்கொண்டு
விழித்த ரோந்து
வீட்டுக்குள் சுட்டிருக்கிறது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"தேய்ச்ச கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.
அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும்.
முகக்கண்ணாடி மங்கினால்
உள்ளே துப்பி, கட்டைவிரலால் தேய்த்து
கடலில் ஒருமுறை அலசினால் போதும், பாறை தெரியும்.
நெஞ்சுக்குள் எங்கே துப்ப?

முதுகில் குழல் வைத்துக் கேட்டவர்
பயிற்சிக்கு வந்த பெண்ணையும் கேட்கச் சொன்னார்.
என்ன கேட்டுச்சு என்றேன்.
சொல்லலாமா என்று அவரைப் பார்த்துவிட்டு
"சரசரன்னு" என்றாள்.
காய்ந்த பாசிமேல் நடக்கிற சத்தம்.
யாரும் எடை போடாத பாசி.

விரலில் மாட்டுகிற மெஷின்
என் வெளுத்த விரலில் மூன்று கோடு மட்டும் காட்டியது,
ஆளே இல்லை என்பதுபோல.
நர்ஸ் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றினாள்.
எண்பத்தெட்டு.
அவள் கையை எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் அந்தச் சூடு இருந்தது.

இப்போது நான் இறங்குவதில்லை.
வத்தையில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
கால் பங்கு தருகிறார்கள்,
ரெண்டு பேருக்கு அதில் வருத்தம்.

பிலோமி மூழ்குகிறாள்.
சத்தமாக எண்ண வேண்டும், அதுதான் பேச்சு.
பதினொன்றில் நின்று மூச்சு வாங்குகிறேன்.
இருபதில் ஒருமுறை.
முப்பதுக்குள் இன்னும் இரண்டு.
இருமல் வந்தால் விட்ட இடத்திலிருந்து.
ஐம்பத்தெட்டு.
கட்டையால் விளிம்பில் தட்டுகிறேன்.
குமிழி வருகிறது. தலை வரவில்லை.
ஐம்பத்தொன்பது.

நான் நின்ற இடங்களை யார் எண்ணினார்கள்?

தலை வருகிறது.
வத்தையைப் பிடித்துத் தொங்கியபடி
"எத்தனை?" என்கிறாள்.
சொல்கிறேன்.
"அவ்வளவுதானா" என்று
கண்ணாடியைக் கழற்றி, உள்ளே துப்பி, தேய்க்கிறாள்.
"ரொம்ப நேரமா இருந்துச்சே."