தவலை ஒன்று, ஓட்டையுடன்

எழுதிக்கொள்ளுங்கள் கணக்கரே,
வண்டிமாடு நூற்று அறுபது என்று எழுதினீர்களே,
அதற்குக் கீழே இடம் இருக்கிறது.

கருங்குழியிலிருந்து நடந்து வந்தவள் நான்.
பட்டாளம் முன்னே, பீரங்கி நடுவே,
பின்னால் அரிசி மூட்டை, சாராயப் பீப்பாய்,
வண்ணார், நாவிதர், புல்லறுக்கிறவர்கள்.
அதற்கும் பின்னால் கிளம்புகிற புழுதியில் நாங்கள்.
எந்த மாடு இன்றைக்குப் படுத்துவிடும் என்று
சாணியைப் பார்த்தே சொல்வாள் குப்பச்சி.
திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு புளியமரத்தடியில் மூன்றாவதைப் பெற்றாள்.
மறுநாள் கூடாரக் கம்பு சுமந்தாள்.
பிள்ளைக்குப் பாளையத்தான் என்று பேர்.

என் புருஷன் தாண்டவன், சிப்பாய்.
சம்பளம் ஐந்து மாசப் பாக்கி.

ஆனி வெயில்.
வண்டிப்பாளையம் மேட்டுச் செம்மண் காலைச் சுட்டது.
விடிய நாலு நாழிகை இருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள்.
பீரங்கிக்குத்தான் முதல் தண்ணி.
கோலை நனைத்து அதன் தொண்டையைக் கழுவாவிட்டால்
அடுத்த மருந்து உள்ளேயே வெடிக்கும்.
அது குடித்து மிச்சம் இருந்தால் மனுஷனுக்கு.
கிணற்றுக்கும் மேட்டுக்கும் பதினேழு நடை.
பதினெட்டாவதில் யாரோ இடுப்பைத் தட்டினாற்போல் இருந்தது.
முழங்கால்வரை ஈரம்.
ரத்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணிதான்.
தவலையில் சுண்டைக்காய் அளவு ஓட்டை,
உள்ளே ஈயக்குண்டு உருண்டது.
சிரித்தேன். எனக்கே ஆச்சரியம்.
விரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு மேடேறினேன்.
தாண்டவன் நின்ற வரிசையில்
குடிக்கிற வாய் ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரியும் பட்டாளத்துக்குத் தாகம் எடுத்தது.

உப்பனாற்றோரம் தாழம்புதருக்குப் பின்னே
மணலை முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணி,
இன்னும் ஒரு சாண் போனால் உப்பு.
முதல் ஜாமம் கோட்டைக்காரிகளுடையது,
கடைசி ஜாமம் எங்களுடையது.
யார் பேசி முடித்தது? யாரும் பேசவில்லை.
அவர்கள் விட்டுப்போன கொட்டாங்கச்சியில் ஒருநாள் மொண்டோம்,
அதை அங்கேயே கவிழ்த்து வைத்தோம்.
அவ்வளவுதான்.

அன்று நான் ஜாமம் தவறிப் போனேன்.
ஒருத்தி குனிந்திருந்தாள்,
கழுத்தில் சிலுவை, புதுச்சேரிப் பேச்சு.
பிராஞ்சுக்காரன் சிப்பாய்களுக்குச் சோறு வடிக்கிறவளாம்.
சந்தியாயி.
தவலை ஒழுகுவதைப் பார்த்தாள்.
மடியிலிருந்து ஒரு கவளம் சோறு எடுத்து
வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து
ஓட்டையை அடைத்தாள்.
"ரெண்டு நாள் தாங்கும்."
உன் ஆள் எங்கே என்று அவள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அந்தச் சோற்றை அவள் தின்றிருக்கலாம்.

பதினைந்து நாள் கழித்துக்
கப்பலில் வந்து இறங்கியது சமாதானம்.
ராஜாக்கள் தை மாசமே கைச்சாத்துப் போட்டுவிட்டார்களாம்.
தையில் நாங்கள் கருங்குழியில் இருந்தோம்.
தாண்டவன் கூடாரத்து நிழலில்
பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தான்,
பாதியை வாயில் போட்டுக்கொண்டு.
காகிதம் கடலில் கிடந்ததும் ஐந்து மாசம்.
நீங்கள் தரவேண்டியதும் ஐந்து மாசம்.

அவன் பெண்சாதி நான் என்பதற்குச்
சாட்சி கேட்கிறீர்கள்.
மேட்டில் கிடக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

சரி, என்னை எழுத வேண்டாம்.
தவலையை எழுதுங்கள்.
செப்பு. தாய்வீட்டுச் சீர். எட்டுப் படி கொள்ளும்.
கும்பினி வேலையில் ஓட்டையானது.
ஓட்டை அடைத்து ஈயம் பூச அரைப்பணம் கூலி.

எழுதியாயிற்றா?
யாருடையது என்று ஓர் இடம் இருக்குமே, அதில்
வெள்ளச்சி.
வாய்விட்டுப் படியுங்கள்.
இன்னொரு தரம்.

குண்டைக் கேட்காதீர்கள்.
அது பிராஞ்சுக்காரன் ஈயம்,
உங்கள் கணக்கில் வராது.
இடுப்பில் முடிந்திருக்கிறேன்.
நடக்கும்போது இடிக்கிறது.