பிடியிடுக்கில் பச்சை

வெர்வியே நகரில் ஆற்றுக்குப் பின்புறச் சந்து.
அங்கே ஒரு குளிர் அறையில்
பதினோரு வருடமாக என் வேலை:
இறந்தவர்களுக்குச் சவரம்.

செத்தவருக்கு எதற்கு இத்தனை கூர்
என்று கேட்காத ஆள் இல்லை.
வலிக்கிறதென்று சொல்லவா போகிறார்?

சொல்வார். தாமதமாகச் சொல்வார்.
காலையில் கத்தி லேசாகக் கடித்த இடம்
அப்போது கண்ணுக்குத் தெரியாது.
மாலையில் உறவெல்லாம் சுற்றி நிற்கிற நேரம் பார்த்து
நறுக்கி வைத்த ஆப்பிள் போலப் பழுப்பேறும்.
அது இனி ஆறாத தோல்.

இன்று மேசையில் அர்சேன் கொலினியோன்.
மணிக்கூண்டுத் தெருவில் சவரக்கடை வைத்திருந்தவர்.
பதினோரு வருடமும் என்னோடு வழக்காடியவர்.

"கல்லோடு நிறுத்து.
மஞ்சள் கல், மேலே தண்ணீர், அவ்வளவுதான்.
வாரில் பச்சைப் பசை தடவுகிறவள்
சூப்பில் உப்பு குறைந்ததற்குச் சர்க்கரை போடுகிறவள்.
பொய்ப்பல் கட்டின கத்தி உன்னுடையது."

காதில் வாங்கிக்கொண்டே
பசை வாரில் பன்னிரண்டு இழுப்பு இழுப்பேன்.
மேலே போனால் விளிம்பு உருண்டுவிடும்,
அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் கத்தியையே துணியில் சுற்றிக்
கொண்டுவந்தாள் மகள் லியோனி.
"வேறு கத்தி பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்"
என்றவள் மூக்கைத் துடைத்தபடி வெளியே போனாள்.

சரி ஐயா, இன்றைக்கு உங்கள் முறைப்படியே.

வீல்சாம் மலை வயிற்றிலிருந்து வந்த கல்,
வெண்ணெய் நிறம், நீல முதுகு.
சின்னக் கல்லால் தேய்த்ததும் பால் விட்டது.
போகப் போக ஒவ்வொரு சொட்டாய்த் தண்ணீர்.
பால் மோராயிற்று, மோர் நீர்மோராயிற்று,
கடைசியில் வெறும் நீர்.
கல் கத்தியை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

தலையிலிருந்து ஒரு முடி பிடுங்கி
விளிம்பில் இறக்கினேன்.
கொஞ்சம் யோசித்து, பிறகுதான் அறுந்தது.
அந்த யோசனைதான் எங்கள் வழக்கே.

பிசிறு இருக்குமோ என்று லென்ஸை எடுத்தேன்.
விளிம்பில் ஒன்றுமில்லை.
பிடியின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே
ஆணியைச் சுற்றி
நகக்கண் அளவு பச்சை.

பித்தளை ஆணி, களிம்பு ஏறியிருக்கும்.
ஊசியால் கிளறி விரலில் தேய்த்தேன்.
களிம்பு பொடியாகும். இது மெழுகாய் வழுக்கியது.
மோந்து பார்த்தேன். கொழுப்பு வாடை.
என் டப்பாவில் இருக்கிற அதே பச்சை.

அட, அர்சேன்!
கடையை மூடி, திரையை இறக்கி,
எந்த இழுப்பறைக்கு அடியிலிருந்து
அந்த வாரை எடுப்பீர்கள்?
எத்தனை இழுப்பு? பன்னிரண்டா?
பதினைந்து வரை போவீர்களோ?

தாடையைக் கட்டியிருந்தது.
பதில் கத்தியின் வாயில்தான் வரவேண்டும்.

என் வாரைக் கொக்கியில் மாட்டினேன்.
முதுகு முன்னே, வாய் பின்னே, முதுகின் மேல் புரட்டு.
பன்னிரண்டு.
கொஞ்சம் நின்று, அவருக்காக இன்னும் ஒன்று.
பிறகு பசையில்லாத தோலில் நாற்பது.
இந்த முறை முடி விழுந்ததே தெரியவில்லை.

வெந்நீர்த் துண்டு, நுரை.
காதோரம், கீழுதட்டுக் குழி,
தொண்டையில் மயிர் சுழிக்கிற இடம்.
இந்தச் சுழியை இத்தனை நாள்
எதிர்த் திசையில் மழித்திருக்கிறீர்கள், ஐயா.
அதையும் சொல்லவில்லை நீங்கள்.

ஐந்தரைக்கு லியோனி வந்தாள்.
புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.
ஒரு பழுப்புப் புள்ளி இல்லை.

"கல்லோடு நிறுத்தினீர்கள்தானே?
இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது."

"கல்லோடுதான்" என்றேன்
இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு.
எத்தனை சோப்பு போட்டும்
ஆள்காட்டி விரலில் அந்தப் பச்சை போயிருக்கவில்லை.