நல்ல தண்ணீர்

வாலிநோக்கம் உப்பளம், ஏழாம் பாத்தி.
ரோஜா நிறத்தில் கிடந்த உப்புநீரில்
நேற்று ராத்திரி கோடைமழை.
"போச்சு, பதினஞ்சு நாள் வேலை"
வாருபலகையைக் கவிழ்த்துப் போட்டு
வரப்பில் உட்கார்ந்துவிட்டாள் சீனியம்மாள்.

ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன்.
நேற்றுக் கோல் கோலாய் நீந்தியதெல்லாம்
உருண்டு உப்பியிருந்தன.
வெடிக்கவில்லை.

உள்ளே உப்பு, வெளியே மழை:
புகுந்துகொண்டே இருக்கிறது தண்ணீர்.
ஒவ்வோர் உயிரணுவின் மேலும்
ஒரே புரதம் ஆயிரமாயிரமாய்க் கைகோத்து
அறுகோணம் அறுகோணமாய்த் தைத்த சட்டை.
என் லென்சுக்கு அது எட்டாது;
உடையாமல் நிற்பதை வைத்துச் சொல்கிறேன்.

"இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு" என்றேன்.
அவளும் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.
"அப்ப இதுக்கு
நல்ல தண்ணிதான் எமனா?"

ஆமாம். இன்னொரு மழை பெய்தால்
தையல் விட்டுப்போகும்.
அந்தச் சட்டைக்கு
உப்புதான் நூல்.

சாலையில் ஆறு குடத் தள்ளுவண்டி
கிறீச்சிட்டு வந்து நின்றது.
மூடியைத் திறந்து
ஒரே ஒரு கை அள்ளி
உப்பு அரித்த விரலிடுக்கில் மட்டும்
விட்டுக்கொண்டாள்.
மிச்சத்தைக்
குடத்திலேயே உதறினாள்.