பத்துக்கு எட்டு

காலை ஆறே காலுக்கு ஜெபசிங் அண்ணாச்சி போன்:
"ஏ மாடத்தி, ஆளு போயாச்சு.
ஷட்டரைப் பாதி தூக்கி வச்சுட்டு வேலையைப் பாரு.
இன்னைக்கு நாப்பது போர்டாவது வரும்."

அம்பாசமுத்திரத்தில் ஒரு கடை திறக்கவில்லை.
பஸ்ஸை ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.
நடந்தேன். கீழே புரட்டாசித் தண்ணீர், முழங்கால் அளவு.

எங்கள் தெருப் பையன்கள் விடியுமுன் ஒரு சரம் வெடித்தார்கள்.
பாதி நமத்துப்போயிருந்தது.
சாமுவேல் சார் வெளியே வந்து
செத்தவரைப் பேசக் கூடாதுப்பா என்றார்.
அவர் வீடு அன்றைக்கு எரியவில்லை.
அடுத்த வருஷம்தான் குடிவந்தார்.

திரையில் அவர் முகத்தை வெட்டி எடுக்கிறேன்.
காதோரம், மீசை நுனி,
மாலைக்கும் கழுத்துக்கும் நடுவே
மௌஸ் நுழையாத இடம்.
இவ்வளவு பக்கத்தில் இவரைப் பார்த்ததில்லை,
கேட்டிருக்கிறேன்.
முக்கூடல் மேடையில் பேசியது கேசட்டாகி
டீக்கடை டீக்கடையாக வந்தது:
"அவனுக அடுப்பு எரியுதுன்னா
நாம தூங்குதோம்னு அர்த்தம்."
மூன்றாம் நாள் ராத்திரி
நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

பதினோரு வீடு.
கன்றை அவிழ்க்கப் போன தங்கமாரி சித்தப்பா.
என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், நானூற்று முப்பத்தொன்று.
நகல் வாங்க அலைந்ததில் அந்த வருஷம் போயிற்று,
அதற்கடுத்ததும்.
இந்த நாற்காலிக்கு நான் வந்த வழி அது.

முதல் போர்டுக்கு ஆள் வந்தான். பட்டுராஜ்.
இருபது இருக்காது. அன்றைக்கு இவன் பிறந்திருக்கவில்லை.
அழுதிருக்கிறான், நடிப்பில்லை,
இமை தடித்து மூக்கு சிவந்து.
"யக்கா, கண்ணீர் அஞ்சலி பெருசா.
ஈடு செய்ய முடியாத இழப்புன்னு கீழ, சிவப்புல."

எத்தனையோ சாவுக்கு அடித்த வரி.
இன்றைக்குக் கை அதில் தட்டுப்பட்டு
ழகரம் விழாமல் போயிற்று.
'இப்பு' என்று நின்றது. திருத்தினேன்.
தோற்றம் இடது மூலை. மறைவு வலது மூலை.
நடுவில் போட ஒரு தேதி என்னிடம் இருக்கிறது.
அவன் கேட்கவில்லை. நான் போடவில்லை.
போட்டிருக்கலாமே என்று
இப்போதும் ஒரு விரல் கேட்கிறது.

விக்கினான்.
என் பாட்டிலைக் கொடுத்தேன்.
அண்ணாந்து குடித்தான்.
எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள்.
நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பாட்டில் வாய்க்கும் அவன் உதட்டுக்கும் நடுவே
அந்த நாலு விரற்கடையை.

"சிரிச்ச முகமா இருக்கட்டும்க்கா."
சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான்,
அந்த மேடையில் எடுத்தது.
மைக்கை அழித்தேன். கூட்டத்தை அழித்தேன்.
பின்னால் மேகம் வைத்தேன்.

சதுர அடிக்குப் பன்னிரண்டு. பத்துக்கு எட்டு, எண்பது அடி.
தலைவருக்கு என்றால் அண்ணாச்சி குறைப்பார்.
நான் குறைக்கவில்லை.
தொள்ளாயிரத்து அறுபது, எண்ணி வாங்கினேன்.

மத்தியானம் ஊர்வலம் போனது.
ஷட்டர் இடுக்கில் கால்கள் மட்டும்,
பூ மிதித்த கால்கள்.
சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன்,
நின்றுபோன பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி.
துக்கமும் வரவில்லை.
பசித்தது.
டப்பாவில் நேற்றைய புளிக்குழம்பு. நன்றாக இருந்தது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
தங்கமாரி அவள் கூடப்பிறந்தவள் புருஷன்.
எல்லாம் கேட்டுவிட்டு
"அந்த போர்டை எப்பட்டி இறக்குவானுவ?" என்றாள்.
"பதினாறு கழிச்சு இருக்கும்."
"ஐப்பசி வந்துரும். ஆட்டுக்கொட்டகை ஒழுகுது.
கேட்டு வாங்கி வையி. மழைக்குத் தாங்குமா?"

தாங்கும். கனத்த சீட், நானே ஓட்டியது.
முகத்தை மேலே போட்டால்
மழையெல்லாம் அவர்மேல்.
கீழே போட்டால்
ராத்திரி முழுக்க ஆடுகளைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டிருப்பார்.

அம்மா யோசிக்கிறாள்.
அவளுக்கு அவசரமில்லை.