நிகர எடை

செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகிறவர்கள்
போவார்கள்.
நான் மொட்டைமாடிக்கு.

அங்கே சாய்கூரை வைத்த தகரப்பெட்டி ஒன்று
நாளெல்லாம் இரைத்துக்கொண்டு நிற்கும்.
எட்டு மணி நேரம் மதுரையை இழுத்த தாளை
அதன் தலை திறந்து
இடுக்கியால் எடுக்க வேண்டும்.
கை படக் கூடாது,
ரேகைக்கும் எடை இருக்கிறது என்று சொல்லித்தான்
ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

வைக்கும்போது பால்வெள்ளை.
எடுக்கும்போது
மூன்றாம் தடவை டீ வடித்த துணி.

ஆடிக்காற்றில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை.
ஆறு பறந்து பார்த்திருக்கிறேன்.
தண்ணீராக வர மறந்த வைகை
பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி
சிம்மக்கல் கடைகளுக்குள் நுழைந்து
அடுக்கிய எவர்சில்வர் குடங்களின் மேல் அமரும்.
துடைத்துத் துடைத்து விற்பார்கள்.
போக்குவரத்துக் காவலர் கைக்குட்டையைக் கழற்றி உதறி
மறுபக்கம் திருப்பிக் கட்டிக்கொள்கிறார்.
புதுப் பாலத்துக்குத் தோண்டிய மண்
மேடாகி, அதன்மேல் ஓர் ஆமணக்கு முளைத்து
காய்த்தும் விட்டது.
புழுதி அடங்க லாரியில் தண்ணீர் தெளிக்கிறார்கள்.
குழாயில் நான்கு நாளாய்க் காற்று மட்டும் வரும் தெருப் பெண்கள்
குடத்தோடு ஓடி அந்த லாரியை மறிக்கிறார்கள்.
புழுதி ஒருபக்கமாய் ஒதுங்கி நின்று
வேடிக்கை பார்க்கிறது.

இதெல்லாம் பதிவேட்டில் வராது.
அதில் முன் எடை, பின் எடை, நிகர எடை.
தெய்வேந்திரன் சார் கடைசிக் கட்டத்தில்
'மிதமானது' என்று எழுதும்போது
ஒருமுறை தும்மினார்.
இருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் சந்துக்குப் பெட்டி கிடையாது.
ராத்திரி துடைத்த டிவியின் மேல்
காலையில் மகன் விரலால் 'ழ' எழுதிப் பழகுகிறான்.
அவனுக்கு ஓர் இன்ஹேலர் உண்டு.
அதை விசில் என்பான்.
இழுத்து முடித்ததும், போலாம் ரைட்.

அடுத்த மாடி ஒச்சம்மா
விடியும் முன்னே தெற்காவணி மூல வீதிக்குப் போவாள்.
ஆசாரிப் பட்டறை வாசல்களைக் கூட்டி
ஒரு சாக்குப் புழுதி கொண்டுவருவாள்.
சலித்து, அலசி, ரசம் விட்டுப் பிசைந்து
ஊர் அடங்கியபின் மாடியில் காய்ச்சுவாள்.
ஒரு மஞ்சள் நிறம் அந்தப் புகைக்கு.
நாக்கடியில் காசு வைத்தாற்போல் ருசி.
ஜன்னலைச் சாத்துவேன்.
சொன்னதில்லை.

மாசியில் ஒரு தாளை 'கிழிந்தது' என்று எழுதிவிட்டு
பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.
பதினோரு வருஷத்தில் நானாக எழுதிய ஒரே பொய்.
துணிக்கொடியில் ஐந்து நாள் கிடந்தது,
பள்ளிச் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவே.
முன் எடை எனக்கு மனப்பாடம்.
ஒச்சம்மா பொடி விற்கும் கடையில்
கண்ணாடிக் கூண்டுத் தராசில் வைத்தோம்.

"இருபத்தேழு மில்லி" என்றான் கடைப்பையன்.
தங்கமாயிருந்தால் என்ன விலை என்று
கேட்காமலே கணக்கும் சொன்னான்.

ஒச்சம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
எச்சில் தொட்ட விரலால் ஓரத்தைத் தேய்த்தாள்.
"இதுல ஒண்ணும் தேறாது தங்கச்சி.
இருந்தாலும் எரிச்சுப் பாக்குறேன்."
சாக்குக்குள் போட்டுக்கொண்டாள்.
கண்ணாடி இழைத் தாள் அது, எரியாது.
அதையும் நான் சொல்லவில்லை.

மறுநாள் சொல்லத்தான் போனேன்,
அக்கா, புகை, பையன், நெஞ்சு என்று
படிக்கட்டிலேயே வரிசைப்படுத்திக்கொண்டு.
வாய் திறக்குமுன்
"ஃபீஸு கட்டணும்னியே" என்றபடி
முந்தியிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை
அவிழ்த்து நீட்டினாள்.

இடுக்கி இல்லை.
கையால்தான் வாங்கினேன்.